இதுவும் ஆராய்ச்சிதானா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். படிவம் மூன்றோடு படிப்பு நின்றுவிட்டது.

எங்கள் குடும்பத்தில் இப்போது மூன்று பிள்ளைகள் மேற்படிப்பில் இருக்கிறார்கள். அண்ணன் மகன் செம்பனையைத் தாக்கும் கானோடெர்மா நோயைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறான். தங்கை மகள் சட்டத்தில் முதுகலை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம்தான் அவள் தலைப்பு. என் மகள் கல்வியியலில் முதுகலை. ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் சிலரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, அவர்கள் கணக்குப் போடுவதைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறாள்.

தேத்தண்ணி குடிக்கக் கடையில் உட்கார்ந்தால் அண்ணன் மகனைப் பற்றித்தான் பேச்சு. "அவன் செய்றதுதான் ஆராய்ச்சி. மத்த ரெண்டும் புத்தகம் படிக்கிறதும் பிள்ளைங்களோட பேசிக்கிட்டிருக்கிறதும்தானே" என்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்றையும் எப்படி ஆராய்ச்சி என்கிறார்கள்? ஐந்தாறு பிள்ளைகளைப் பார்த்து எதை நிரூபிக்க முடியும்? மகள் என்ன செய்கிறாள் என்று கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வது?

ஒரு தந்தை,
சுங்கை சிப்புட்

*

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றும் ஆராய்ச்சிதான். உங்கள் மனம் ஆறட்டும் என்று சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறேன்.

ஒருவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். அதற்குப் பொருந்தும் வழியில் விடை தேடுகிறார். எப்படித் தேடினார் என்பதை ஒளிக்காமல் எழுதிவைக்கிறார். அதைப் படிக்கும் இன்னொருவர் சரிபார்க்கலாம், தவறு என்று மறுக்கவும் செய்யலாம். இவ்வளவும் இருந்தால் அது ஆராய்ச்சி. கேள்வி மாறினால் தேடும் வழியும் மாறும். கடையில் பேசுகிறவர்கள் ஆய்வுக்கூடத்தையும் வெள்ளைக் கோட்டையும் பார்த்து மதிப்புப் போடுகிறார்கள். எந்தக் கேள்விக்கு எந்த வழி என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

அறிவியலுக்கு, நம் முன்னோரின் சோற்றிலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது. நூறாண்டுக்கு முன்பு மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் மரத்து, உடம்பு வீங்கி, கடைசியில் இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் வேலைசெய்த சீனத் தொழிலாளர்களை அது வாரிக்கொண்டு போனது. தோட்டத்துத் தமிழர்களை அதிகம் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்டார்கள், தமிழர்கள் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் முடிவுகட்டி 1907-இல் நூலாகவே எழுதினார். அவர் கண்டது சரி, சொன்ன காரணம் தவறு.

வெறுமனே கவனித்ததை வைத்து முடிவுசொல்ல முடியாது. தமிழருக்கும் சீனருக்கும் அரிசி மட்டுமா வேறு? வேலை வேறு, இருப்பிடம் வேறு, மற்றச் சாப்பாடும் வேறு. ஆகவே, பிராடனின் நூல் வருவதற்கு முன்பே, 1905, 1906-ஆம் ஆண்டுகளில் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெள்ளை அரிசியும் மறுபாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் வெள்ளை அரிசிப் பக்கம்தான் பரவியது. அடுத்து பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர், நெகிரி செம்பிலானில் சாலை போட வந்த ஜாவா தொழிலாளர்களிடம் அதே சோதனையைச் செய்தார்கள். வெள்ளை அரிசிக் குழுவில் நோய் வந்ததும் அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோய் அரிசியைத்தான் பின்தொடர்ந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது.

மற்றதையெல்லாம் ஒன்றாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது அறிவியலின் பெரிய பலம். ஆனால் அந்தக் காப்பகத்தில் இருந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று எந்தப் பல்கலைக்கழகமும் அதை அனுமதிக்காது. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

அறிவியல் எல்லாமே ஆய்வுக்கூடத்தில் நடப்பதில்லை என்பதை உங்கள் லாரியில் ஏறும் குலையே சொல்லும். 1981-க்கு முன்பு செம்பனைப் பூவுக்குத் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், கையால் மகரந்தத் தூள் தூவினார்கள். வயதில் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த வேலையை நினைவு வைத்திருப்பார்கள். செம்பனைக்கு மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுசேர்க்கிறது என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவில், கேமரூனில், பூக்களில் மொய்க்கும் ஒரு சின்ன வண்டைப் பொறுமையாகக் கவனித்தார். அது மற்றப் பயிர்களுக்குக் கெடுதல் செய்யாது என்று சோதித்த பிறகே 1981-இல் இங்கே விட்டார்கள். கைத்தூவல் வேலை போயே போய்விட்டது. அந்த ஆராய்ச்சியின் முதல் பாதி, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

இந்த நாட்டு ஆய்வாளர்கள் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தியும் ரஜிந்தர் சிங்கும் மற்றவர்களோடு சேர்ந்து, செம்பனைக் கொட்டையின் ஓடு தடிப்பாக இருக்குமா மெல்லிசாக இருக்குமா என்று தீர்மானிக்கும் மரபணுவைக் கண்டுபிடித்து 2013-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பு, நட்ட கன்று எந்த வகை என்று காய் வரும்வரை, வருடக்கணக்கில், காத்திருக்க வேண்டும். இப்போது நாற்றங்காலிலேயே ஓர் இலையை எடுத்துச் சோதித்துவிடலாம். உங்கள் அண்ணன் மகனின் வேலையும் இந்த வரிசையில் வருவது. அவனைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமே இல்லை.

சரி, தங்கை மகளுக்கு வருவோம். சட்டத்தை இப்படிச் சோதிக்க வழியில்லை. பாதித் தோட்டத்துக்கு ஒரு சட்டம், மீதிக்கு இன்னொரு சட்டம் என்று போட்டுப் பார்க்க முடியுமா? சட்ட ஆய்வாளருக்குச் சான்று என்பது சட்டத்தின் வாசகம், அது வந்த வரலாறு, நீதிபதிகள் எழுதிய தீர்ப்புகள். படிப்பதுதான் அவர் செய்யும் சோதனை.

அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவு மலாயைத் தேசிய மொழி என்கிறது. வேறு எந்த மொழியைக் கற்பிக்கவும் கற்கவும் தடையில்லை என்கிறது. அதிகாரப்பூர்வ நோக்கத்துக்கு மட்டும் மற்ற மொழிகள் ஆகாது. பொது அதிகார அமைப்புகளின் நோக்கமும் அதில் அடங்கும். 1982-இல் மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில், பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட ஓர் அமைப்பு என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீனமொழிப் பல்கலைக்கழகம் வரவில்லை. அதே பிரிவைக் காட்டித் தமிழ்ப்பள்ளிகளும் சீனப்பள்ளிகளும் அரசியலமைப்புக்கு முரண் என்று பிறகு வழக்குப் போட்டார்கள். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம், இப்பள்ளிகள் பொது அதிகார அமைப்புகள் அல்ல என்று சொல்லி அந்த வாதத்தைத் தள்ளியது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒரே பிரிவு, இரண்டு முடிவு. பல்கலைக்கழகத்தையும் பள்ளியையும் எந்த இடத்தில் பிரிப்பது, அந்தக் கோடு உறுதியானதா, நாளைக்கு இன்னொருவர் அதைத் தாண்ட முடியுமா? இதை ஆராய்கிறவர் வரிவரியாகத்தான் படிக்க வேண்டும். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளே இந்த வாசிப்பை நம்பி நின்ற காலம் அது.

குடியிருப்புச் சட்டமும் அப்படித்தான். 1990-இல் வந்து 2019-இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டம், வேலையில் இருப்பவருக்கு முதலாளி கொடுக்கும் வீடு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தைப் பற்றியும் பேசுகிறது. வேலை முடிந்த மறுமாதம் அந்தக் குடும்பம் எங்கே போவது? இந்தக் கேள்வியை நம் தோட்டங்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தவர்கள் நம் ஆட்கள். உங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்கும்படி தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதனால்தான். துண்டாடலைப் பற்றிப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் செய்த பெரிய ஆய்வு 1962-இல் வந்தது. சட்டம் எங்கே பேசாமல் விட்டிருக்கிறது என்று காட்டுவது, இருப்பதை விளக்குவதைவிடக் கடினமான வேலை.

இனி உங்கள் மகள். "ஐந்தாறு பிள்ளைகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன்: கமலாவிடம் 36 மிட்டாய் இருக்கிறது. அது ரவியிடம் இருப்பதைவிட 9 அதிகம். ரவியிடம் எத்தனை? பிள்ளை "அதிகம்" என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டி 45 என்று எழுதுகிறது. ஆசிரியர் தவறு போடுகிறார், கழித்தல் வரவில்லை என்று அம்மாவிடம் சொல்கிறார். அதே பிள்ளையிடம் 36-இலிருந்து 9-ஐக் கழி என்றால் சட்டென்று 27 என்கிறது. கழித்தல் தெரிகிறது, வாக்கியம்தான் வழுக்கிவிட்டது. ஆயிரம் பேருக்குத் தேர்வு வைத்தால் எத்தனை பேர் 45 எழுதினார்கள் என்று தெரியும். ஏன் எழுதினார்கள் என்பது, பக்கத்தில் உட்கார்ந்து "நீ நினைத்ததை வாய்விட்டுச் சொல்லு தம்பி" என்று கேட்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் நியூமன் என்ற ஆய்வாளர் 1977-இல் இதற்கு ஒரு முறையே வகுத்தார். கணக்கை வாசி, எதைக் கேட்கிறது என்று சொல், எப்படிச் செய்யப் போகிறாய், செய்துகாட்டு, விடையை எழுது. பிள்ளை எந்தப் படியில் தடுக்குகிறது என்று பார்க்க வேண்டும். எண்களைத் தொடுவதற்கு முந்திய படிகளிலேயே பல பிள்ளைகள் விழுந்துவிடுவதை இம்முறை காட்டியது. குழந்தைகளின் சிந்தனையைப் பற்றிப் பெரிய கோட்பாடு எழுதிய பியாஜே, கைக்குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைப் பற்றி எழுதியது தன் சொந்தப் பிள்ளைகள் மூவரை உற்றுக் கவனித்துத்தான்.

ஐந்தாறு பேரை வைத்து, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் என்று உங்கள் மகள் எழுதினால் அது தவறு, நானே அதை ஏற்கமாட்டேன். இந்தப் பிள்ளைகள் இந்த இடத்தில், இந்தக் காரணத்தால் தடுக்குகிறார்கள் என்று அவர் காட்டலாம். லூனாஸிலோ பாகான் செராயிலோ உள்ள வேறு பள்ளியில் இன்னொருவர் அதைச் சரிபார்க்கலாம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை. 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள், 2009-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய மாற்றங்களைப் பிள்ளைகள் தலையில் ஏற்றும்போது, ஒரு வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தவர்களின் சொல் எனக்கு மிக முக்கியம்.

சம்மதத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. உங்கள் மகள் கல்வி அமைச்சின் அனுமதி வாங்கித்தான் பள்ளிக்குள் போயிருப்பார். பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கியிருப்பார். நூறாண்டுகளாக நம்மை எடைபோட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள். விடைகள் ஆங்கிலத்தில் எங்கோ போயின. ஆய்வு முடிந்ததும் உங்கள் மகள் அதன் சாரத்தை நான்கு பக்கத்தில் தமிழில் எழுதி, அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். மற்ற இருவருக்கும் இதையே சொல்வேன். கானோடெர்மாவைப் பற்றித் தெரிந்துகொள்ள உங்கள் ஊர்ச் சிறுதோட்டக்காரர்களுக்கும் ஆசை இருக்காதா?

கடையில் கேட்டால், "பிள்ளைங்களுக்குக் கணக்கு வரலையா, கணக்கோட வாக்கியம் புரியலையான்னு என் மகள் கண்டுபிடிக்கிறா" என்று சொல்லுங்கள். மிட்டாய்க் கணக்கையும் போட்டுக்காட்டுங்கள். பேசுகிறவர்களில் பாதிப்பேர் 45 என்பார்கள். ஆனால் முதலில் மகளிடமே கேட்டுவிடுங்கள், அவருடைய ஆய்வுக் கேள்வி நான் ஊகித்ததிலிருந்து கொஞ்சம் வேறாக இருக்கலாம்.