புறாவின் கால் ஏன் சுழல்கிறது?

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான அறைக்காக, இறந்துபோன வளர்ப்புப் புறா ஒன்றைப் பாடம் செய்தேன் (தோலைப் பதப்படுத்தி, உள்ளே செயற்கை உடல் வைத்து, உயிருள்ளதுபோல் நிறுத்துவது). கால் எலும்போடு கம்பியைச் சேர்த்து நூலால் கட்டியிருந்தும், மரக்கட்டையில் நிறுத்தியதும் கால்கள் கம்பியைச் சுற்றித் திரும்புகின்றன. பறவையும் முன்பக்கமாகச் சாய்கிறது. பிழை எங்கே?
– ஆசிரியர் ஒருவர், ஹட்டன்

பதில்: நூலை ஓரிடத்தில் மட்டுமே கட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒற்றைக் கட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், எலும்பு அதை அச்சாகக் கொண்டு திரும்பத்தான் செய்யும்.

பறவையின் காலில் பின்பக்கம் மடிந்து முழங்கால் போலத் தோன்றுவது உண்மையில் கணுக்கால். மெய்யான முழங்கால் உடலோடு ஒட்டி, இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. கம்பியைக் கட்ட வேண்டியது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கெண்டைக்கால் எலும்பில். தோலை உட்புறம் வெளியாகத் திருப்பி, அவ்வெலும்பின் தசையை நீக்கும்போது, முழங்கால் பக்கத்துக் குமிழை மட்டும் வெட்டிவிடாதீர்கள். நூல் வழுகிக் கழன்றுவிடாமல் தடுப்பது அதுவே. எலும்பின் மேலுள்ள மென்சவ்வையும் கொழுப்பையும் கத்தியால் சுரண்டி எடுப்பது சலிப்பான வேலைதான். ஆனாலும் கொழுப்புப் படிந்த எலும்பில் எந்த முடிச்சும் நிலைப்பதில்லை.

புறாவுக்கு 16 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள, நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பி பொருந்தும். மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் உங்கள் பகுதியில், பூச்சில்லாத கம்பி துருப்பிடித்துப் பாதத்தைக் கறைப்படுத்திவிடும். கம்பியின் ஒரு முனையை அரத்தால் கூராக்கி, உள்ளங்காலின் நடுவே குத்தி, செதிற்காலின் (கணுக்காலுக்குக் கீழே செதில் மூடிய பகுதி) பின்புறத்தில் எலும்புக்கும் தோலுக்கும் இடையே மெல்லத் திருகியபடி மேலேற்றுங்கள். அவசரப்பட்டால் முனை பக்கவாட்டில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். கணுக்காலைத் தாண்டியபின் கம்பி கெண்டைக்கால் எலும்பின் பின்பக்கத்தோடு சேர்ந்து கிடக்க வேண்டும்.

இனிக் கட்டு. செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மெழுகு நூலை எடுத்து, எலும்பையும் கம்பியையும் ஒரே வளையத்துக்குள் சுற்றாமல், இரண்டுக்கும் இடையே நூல் குறுக்கிட்டுச் செல்லும்படி எட்டு வடிவில் கட்டுங்கள். குமிழுக்குச் சற்றுக் கீழே ஒன்று, நடுவில் ஒன்று, கணுக்காலுக்கு அரைச் சென்றிமீற்றர் மேலே ஒன்று என மூன்று கட்டுகள் போதும். மூட்டின்மேல் கட்டக்கூடாது, பிறகு காலை மடிக்க இயலாது. கட்டியதும் ஒரு கையால் பாதத்தையும் மறு கையால் கம்பியின் மேல்முனையையும் பிடித்துத் திருகிப் பாருங்கள். அப்போது அசைந்தால் பறவை நின்றபின்னும் அசையும். அதன்பின்னரே பஞ்சைச் சுற்றித் தசையின் பருமனை உருவாக்க வேண்டும். நீக்கிய தசையின் வெளிவரையை முன்னதாகவே தாளில் வரைந்து வைத்திருந்தால், அளவுக்குத் தடுமாற வேண்டியதில்லை.

சாய்வுக்குக் காரணம் வேறு. தொடை எலும்பை அகற்றிவிட்டால், கம்பி செயற்கை உடலுக்குள் நுழைய வேண்டிய இடம் இடுப்பு மூட்டு இருந்த இடமன்று, முழங்கால் இருந்த இடம். அது மார்புப் பக்கமாக இன்னும் முன்னே இருக்கிறது. பின்னால் நுழைத்தால் பாதங்கள் உடலின் பாரத்துக்குப் பின்தங்கிவிடும், பறவை முன்னே கவிழும். தென்னந்தும்பை இறுகச் சுற்றிச் செய்த உடலாயின், கம்பியை மறுபக்கம் வரை ஊடுருவச் செய்து, குறட்டால் கொக்கியாக வளைத்து, மீண்டும் உடலுக்குள் அறைந்துவிடுங்கள். சும்மா செருகி வைத்த கம்பியும் காலைச் சுழலவிடும் என்பதால், இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதுள்ள புறாவின் தோல் காய்ந்திருந்தால், ஈரத்துணிக்குள் வைத்து இளக்கிய பின்பே தையலைப் பிரிக்கலாம். என்னைக் கேட்டால், அடுத்த புறாவில் தொடங்குவதே மேல்.

கேள்வி: வீதியில் வாகனத்தில் அடிபட்டுக் கிடந்த காட்டுச் சேவலை இவ்வாறு பாடம் செய்யலாமா?
– வாசகி ஒருவர், பண்டாரவளை

பதில்: கூடாது. அது நமது தேசியப் பறவை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுப் பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கிறது. இறந்து கிடந்ததுதானே என்று எடுத்து வைத்துக்கொள்வதும் சிக்கலில் முடியும். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்துவிடுங்கள். கைப்பழக்கத்துக்கு வீட்டில் வளர்த்த நாட்டுச் சேவல் போதுமானது. அதற்குக் கம்பி மட்டும் சற்றுத் தடிப்பாக, 12 கேஜ் அளவில் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்), இருக்கட்டும்.