மறுமொழி: ‘முடிவு விளங்கவில்லை’ என்கிறார்கள்

உங்கள் சிறுகதையை வாசித்தவர்கள் முடிவு விளங்கவில்லை என்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். கடலுக்குப் போன கணவன் திரும்பினானா என்று சொல்லாமல் விட்டது பிழையில்லை. முடிவை மாற்றவேண்டாம். வாசகர் தடுமாறுவது அதற்கு முன்னாலேயே: எந்த மாதம், என்ன காற்று என்றே தெரியவில்லை. ஐயம் ஒன்றுதான் இருக்கலாம், மற்றதெல்லாம் துலக்கமாக வேண்டும். மார்கழி, வாடைக்காற்று, திருகோணமலையில் எந்தக் கரை என்று எழுதுங்கள்.

பிறகு செத்தான், பிழைத்தான் என்ற இரண்டு பக்கமும் சாட்சி வையுங்கள். சாவுக்கு, கரை ஒதுங்கிய மண்ணெண்ணெய்க் கான் ஒன்று; உயிருக்கு, குடாவின் அக்கரையிலுள்ள மூதூரில் அவனைக் கண்டதாகச் சொல்லும் சம்மாட்டி, அதாவது படகுச் சொந்தக்காரர். படகு பழுதென்று தெரிந்தே அனுப்பியவர் அவர் என்றால் அவர் பொய் சொல்லவும் காரணம் கிடைக்கும். இப்போது உங்கள் கதையில் சாவுக்கு மட்டுமே சாட்சி, அதனால் ஐயமே எழவில்லை.

‘ஒருவேளை’, ‘போலும்’ எல்லாம் மனைவியின் பேச்சில் மட்டும் இருக்கட்டும். கதைசொல்லியும் தயங்கினால் எழுதியவருக்கே தெரியாதாக்கும் என்று நினைப்பார்கள். கடைசிக் கேள்விக்குறியையும் எடுத்துவிடுங்கள்.