வேலைக்குப் போகும் அம்மா நேரடியாகப் பால் கொடுத்துக்கொண்டே பம்ப்பும் செய்யலாமா?

கேள்வி: குழந்தைக்கு ஐந்து மாதம். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பணும். இப்போதே பம்ப் செய்து சேர்த்தால் குழந்தைக்குப் பால் பத்தாமல் போகுமா?

பதில்: போகாது. எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். வேலை நாளில் குழந்தை வீட்டில் எத்தனை வேளை குடிக்கிறதோ, அத்தனை தடவை நீங்களும் அலுவலகத்தில் பால் எடுத்துவிடுங்கள். இது தவறினால்தான் சுரப்பு குறையும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்கவென்றே தினமும் இரண்டு இடைவேளை தருகிறது சட்டம் (முன்பு 1961 மகப்பேறு நலச் சட்டம், இப்போது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு). அதைச் சொல்லியே நேரம் கேளுங்கள்.

இப்போதைக்கு நாளுக்கு ஒரு தடவை போதும். காலையில் முதல் பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, 15 நிமிடம். குழந்தை குடித்த மிச்சம்தானே, இரண்டு பக்கமும் சேர்த்து 15 முதல் 60 மி.லி. வந்தாலே நல்ல அளவு. அந்தப் பாட்டிலைப் பார்த்து "எனக்குப் பாலே இல்லை" என்று தயவுசெய்து முடிவுகட்டாதீர்கள்.

பம்ப் செய்யும்போது வலித்தால் முதலில் புனலை, அதாவது மார்பில் பொருத்தும் பகுதியைப் பாருங்கள். பல பம்ப்களோடு வருவது 24 மி.மீ. புனல், நிறைய பேருக்கு அது பெரிது. பம்ப் ஓடும்போது காம்பு மட்டும் குழாய்க்குள் தாராளமாகப் போய்வர வேண்டும். சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் புனல் பெரிது. காம்பு சுவரில் உரசி வெளுத்துப்போனால் சிறிது. வலியில்லாமல் பால் மட்டும் திடீரென்று குறைந்தால் பெரும்பாலும் வால்வுதான் காரணம். அந்தச் சின்ன சிலிகான் துண்டை வெளிச்சத்தில் பிடியுங்கள். அதன் வாய் மூடாமல் லேசாகப் பிளந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இழுவையைக் கூட்டினால் புண்தான் ஆகும், பால் கூடாது.

எடுத்த பால் வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்கான கணக்கு. நம் ஊர் வெயிலுக்கு அது ஒத்துவராது. உடனே ஃபிரிட்ஜில், கதவில் வைக்காமல் உள்பக்கமாக வையுங்கள். அங்கே 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம். மேலே கொழுப்பு திரண்டு நின்றால் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். குழந்தை வாய்வைத்த மிச்சத்தை மட்டும் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மி.லி. என்று கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போங்கள். பாட்டிலுக்குப் பதில் பாலாடையில் (பால் புகட்டும் சங்கில்) பாட்டியே நிதானமாகப் புகட்டலாம்.

மார்பில் ஓரிடம் சிவந்து கட்டியாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.