காய்ச்சலுக்குக் காரணம் தோலில் எழுதியிருக்கும்: மருத்துவர் பதில்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறைப் பக்கம் வசிக்கிறோம். என் மாமியார் பூண்டுத் தோட்ட வேலைக்குப் போகிறவர். சென்ற மாதம் கடுமையான காய்ச்சல், தலைவலி, உடல்வலி. ஊசி போட்டும் ஆறு நாள் இறங்கவில்லை. டெங்கு, மலேரியா, டைபாய்டு மூன்றும் இல்லை என்று வந்தது. பிறகு வேறொரு மருத்துவர் மார்புக்குக் கீழே ஒரு கருப்புப் புண்ணைக் கண்டுபிடித்து, உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார். இரண்டே நாளில் காய்ச்சல் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் மாடும் நாயும் உண்டு. அவற்றின் உண்ணியிலிருந்து வந்ததா? எலித் தொல்லையும் இருக்கிறது. மற்றவர்களுக்கும் தொற்றுமா? நான் நான்கு மாதக் கர்ப்பிணி. முன்கூட்டியே எல்லோரும் அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மாமியாரின் உடலை முழுதாகப் பார்த்த அந்த மருத்துவருக்கு முதலில் என் நன்றி. இந்த நோயில் உயிர் காப்பது பெரும்பாலும் அந்த ஒரு பார்வைதான்.

அவருக்கு வந்தது ஸ்க்ரப் டைபஸ்; இதைத்தான் உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற நுண்கிருமியால் வருவது. இதைப் பரப்புவது மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் நீங்கள் பிடுங்கிப் போடும் உண்ணி அல்ல. மண்ணிலும் புல்லிலும் வாழும் மிகச் சிறிய பூச்சி ஒன்றின் குஞ்சு; சிக்கர் என்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரிவது கடினம். வளர்ந்த பூச்சி யாரையும் கடிப்பதில்லை. குஞ்சுப் பருவத்தில் ஒரே ஒரு முறை எலியையோ மனிதனையோ பற்றிக்கொண்டு இரண்டு மூன்று நாள் உணவெடுத்துவிட்டு மண்ணுக்கு இறங்கிவிடும். கடிக்கும்போது வலிக்காது. அதனால்தான் பூச்சி கடித்ததே தெரியவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிருமி தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடுகிறது. ஆகவே நோய் பிறக்கும் இடம் அந்தப் புல்வெளிதான். எலி அந்தப் பூச்சியைத் தன் உடலில் சுமந்து அங்கும் இங்கும் கொண்டுபோகிறது.

கடித்துப் பத்து நாள் அளவில், சிலருக்கு மூன்று வாரம் கழித்தும் காய்ச்சல் தொடங்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் நடுவில் கருத்து, சுற்றிலும் சிவந்த பொருக்கு உண்டாகும். அது வலிப்பதோ அரிப்பதோ இல்லை. பூச்சி ஆடை இறுக்கமாக இருக்கும் இடத்தையும் தோல் மடிந்த இடத்தையும் தேடிப் போவதால் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், காதுக்குப் பின்புறம், முழங்காலின் பின்பக்கம், சில சமயம் தலைமுடிக்குள்ளும் பொருக்கு இருக்கும். வியர்வையில் ஊறிய இடங்களில் கருப்பு மூடி விழுந்து, வெளிறிய சின்னப் பள்ளமாக மட்டும் தெரியலாம். பக்கத்தில் நெறி கட்டியிருக்கும்.

நோயாளி பெண்ணாக இருந்தால் இந்த இடங்களை யார் பார்ப்பது? மருத்துவர் கேட்கத் தயங்குகிறார், நோயாளி காட்டக் கூச்சப்படுகிறார், நாட்கள் ஓடிவிடுகின்றன. ஒரு பொருக்கைத் தேட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காததால் தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போய்விடும் பெண்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. மலைத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு நான்கு நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் வீட்டுப் பெண்களே விளக்கு வெளிச்சத்தில் உடல் முழுவதையும் பாருங்கள். கண்டதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். என்ன வேலை, எந்தத் தோட்டம், புல் அறுத்தீர்களா, விறகு பொறுக்கினீர்களா என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை. அது இல்லை என்பதற்காக இந்த நோய் இல்லை என்று ஆகாது.

ஆறு நாள் ஊசி போட்டும் ஏன் இறங்கவில்லை என்று குழம்பியிருப்பீர்கள். இந்தக் கிருமி நம் உடல் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. பென்சிலின் வகையும் செஃப்ட்ரையாக்ஸோன் போன்ற ஊசிகளும் இதன்மேல் வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் வேலை செய்யும். பிளேட்லெட் குறைவதும் கல்லீரல் நொதிகள் ஏறுவதும் டெங்குவிலும் உண்டு, இதிலும் உண்டு. அதனால் டெங்கு இல்லை என்று தெரிந்ததும் தேடல் நின்றுவிடக் கூடாது. எலிசா ரத்தப் பரிசோதனை முதல் சில நாட்களில் இல்லை என்றே காட்டலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் மாத்திரையைத் தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. தொடங்கி இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்குவதும் இந்த நோய்க்கு ஒரு சான்று. இறங்காவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் இருந்த படைவீரர்கள் பலர் இந்தக் காய்ச்சலுக்குப் பலியானார்கள். அன்று மருந்தே இல்லை. 1948இல் கோலாலம்பூரில் ஜோசஃப் ஸ்மாடெல் குழுவினர் குளோராம்ஃபெனிகால் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. அண்மையில் நம் நாட்டிலேயே ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில் ஏழு மருத்துவமனைகளில், நோய் முற்றிய ஏறத்தாழ 800 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2023இல் வெளியானது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுத்தவர்களில் 100க்கு 33 பேருக்கு இறப்போ, நீடித்த சிக்கலோ, தணியாத காய்ச்சலோ இருந்தது. ஒரு மருந்து மட்டும் பெற்றவர்களில் அது 47, 48 என்ற அளவில் இருந்தது. மூச்சுத்திணறலோடு வரும் நோயாளிகளுக்கு இது பெரிய வரம்.

அந்த முற்றிய நிலையின் அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருங்கள்: மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், பேச்சில் குழப்பம், விடாத தூக்கக் கலக்கம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். மேல்மலையிலிருந்து இறங்கிப் பெரிய மருத்துவமனையைச் சேரவே பல மணி நேரம் ஆகிவிடும்.

இனி உங்கள் மற்றக் கேள்விகள். மாமியாரிடமிருந்து உங்களுக்குத் தொற்றாது. ஒரே பாத்திரத்தில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம். ஆனால் அவர் போகும் தோட்டத்துக்கே நீங்களும் போனால் அதே பூச்சி உங்களையும் கடிக்கலாம். இந்தக் கிருமியில் பல வகை இருப்பதால் ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். தடுப்பூசி இன்னும் இல்லை.

மாட்டு உண்ணியும் நாய் உண்ணியும் இந்தக் காய்ச்சலுக்குக் காரணமல்ல என்றாலும் அவற்றை விட்டுவைக்காதீர்கள். புள்ளிக் காய்ச்சல் என்ற வேறொரு நோயை உண்ணிகள் தரும். உள்ளங்கையிலும் பாதத்திலும்கூடத் தடிப்பு வரும், அதற்கும் டாக்ஸிசைக்ளினே மருந்து. உங்கள் உறவினர் யாராவது நீலகிரியில் கூடலூர், முதுமலைப் பக்கம் இருந்தால் அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் காட்டு உண்ணிகளால் பரவும் வைரஸ் நோய். 2012–13இல் பந்திப்பூர், நீலகிரிப் பகுதிகளில் இறந்த குரங்குகளிலும் அந்த வைரஸ் காணப்பட்டது. அதற்கு இந்த மாத்திரை எதுவும் செய்யாது. காட்டோரம் குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் சொல்ல வேண்டும். தோலில் ஒட்டிய உண்ணியைச் சூடு வைத்தோ எண்ணெய் ஊற்றியோ எடுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும்.

எலியைப் பொறுத்தவரை, அதன் உடலில் உள்ள தெள்ளுப்பூச்சியும் இன்னொரு வகை டைபஸைத் தரும். அது இதைவிட மென்மையானது. பிளேக்கும் தெள்ளுப்பூச்சி வழியாகவே வந்தது. உங்கள் மலைக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த பிளேக் ஆய்வை ஜார்ஜ், வெப்ஸ்டர் இருவரும் 1934இல் வெளியிட்டார்கள். இன்று அந்தப் பயம் வேண்டாம். எலிகள் அண்டாதபடி தானியத்தை மூடி வையுங்கள், விறகை வீட்டுக்குள் அடுக்காதீர்கள், வீட்டைச் சுற்றியுள்ள புதரை வெட்டுங்கள்.

தோட்டத்துக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை, பூட்ஸ், காலுறைக்குள் செருகிய முழுக்கால் உடை அணியலாம். புல்லில் நேராக உட்கார வேண்டாம். கழற்றிய ஸ்வெட்டரைப் புல்மேல் போடவும், துவைத்த துணியைப் புதர்மேல் உலர்த்தவும் வேண்டாம். வீடு திரும்பியதும் துணியை மாற்றி, சோப்புத் தேய்த்து வெந்நீரில் குளித்துவிடுங்கள். மழை ஓய்ந்தபின் வரும் குளிர் மாதங்களில் இதைத் தவறவிடவே கூடாது. மலைக்குளிரில் வேலை முடிந்து வந்து தினமும் குளிப்பது சிரமம் என்பது தெரியும். இருந்தாலும் பூச்சியைக் கழுவிவிடும் வாய்ப்பு அதில்தான் அதிகம்.

தடுப்புக்காக எல்லோரும் மாத்திரை போடுவது வேண்டாம். குறுகிய காலம் ஆபத்தான இடத்துக்குப் போகும் படைவீரர்களுக்கு அப்படிக் கொடுத்தது உண்டு. அங்கேயே வாழ்கிறவர்கள் ஆண்டெல்லாம் விழுங்க முடியாது. மாமியார் மருத்துவர் சொன்ன நாள்வரை மாத்திரையை முடிக்கட்டும். நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்கட்டும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து வேண்டாம்.

நீங்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருங்கள். கர்ப்ப காலத்தில் இந்த நோய் வந்தால் கருச்சிதைவு, குறைப்பிரசவம் வரை போகலாம். மாமியாரின் மாத்திரையில் மீதியை எடுத்து விழுங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு நாங்கள் தேர்ந்தெடுப்பது அசித்ரோமைசின். பிரசவம்வரை புல் அறுக்கும் வேலையும் விறகு எடுக்கும் வேலையும் உங்களுக்கு வேண்டாம். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், கர்ப்பிணி என்பதையும் வீட்டில் ஒருவருக்கு ஸ்க்ரப் டைபஸ் வந்ததையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.