முடி உதிர்ந்த செல், குணமான செல் அல்ல

அப்பாவுக்கு ஹேரி செல் லுகேமியா (செல்களின் மேல் முடி போன்ற நீட்சிகள் தெரியும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்), இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசி தொடங்கி இரண்டு மாதம், புது ரிப்போர்ட்டில் "முடி போன்ற நீட்சிகள் குறைவு" என்று இருக்கிறது, இது குணமாவதன் அடையாளமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரியை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது.

அந்த 'முடி' உண்மையில் முடியே இல்லை. செல்லின் தோலுக்கு அடியில் ஆக்டின் என்ற புரத இழைகள் ஓயாமல் கட்டிக்கொண்டும் கலைந்துகொண்டும் இருக்கின்றன. அவை உள்ளிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளுவதால்தான் சவ்வு இழையிழையாக வெளியே நீள்கிறது. இன்டர்ஃபெரான் செல்லின் வெளிப்புற ஏற்பியில் போய் ஒட்டும். ஜாக், ஸ்டாட் புரதங்கள் வழியாகச் செய்தி உட்கருவுக்குப் போய்ப் பல மரபணுக்கள் விழிக்கும். அதில் செல்லின் ஒட்டும் தன்மை, உயிர்தரிப்பு எல்லாமே மாறலாம். வடிவமும் அதோடு சேர்ந்து மாறலாம்.

ஆனால் ரத்தம் தடவிய கண்ணாடித் தகடு (ஸ்லைடு) காய்ந்த விதம் சரியில்லை என்றாலும் நீட்சிகள் தெரியாமல் போகும். இது ரொம்பச் சாதாரணம்!

ஆகவே ஹீமோகுளோபின், நியூட்ரோஃபில் (கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணு), பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு), மண்ணீரல் அளவு இவற்றைப் பாருங்கள். முழு நிவாரணம் என்று சொல்ல ரத்தம் ஏற்றாமலே ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்கு மேல், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோஃபில் 1,500க்கு மேல், பிளேட்லெட் 1 லட்சத்துக்கு மேல் வேண்டும். எலும்பு மஜ்ஜையிலும் இந்தச் செல்கள் தெரியக்கூடாது. இந்த மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும், முதல் வாரங்களில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை இறங்கவும் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், காய்ச்சல் வந்தால் 'ஊசிக் காய்ச்சல்தானே' என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.