சீசன் இல்லாத மாதத்தில் செட்டிநாடு: முன்பணம், பூக்கல், பழம்பொருள், வலம்புரி

கேள்வி: ஆனி மாதம் நானும் கணவரும் நான்கு நாள் காரைக்குடி வருகிறோம். கோவையில் கட்டிவரும் வீட்டின் தாழ்வாரத்துக்கு 200 சதுர அடி ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல்) வாங்க வேண்டும். பழைய வீடுகளைப் பார்க்கவும், ஒருநாள் ராமேஸ்வரம் போய்வரவும் எண்ணம். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பழம்பொருள் ஏதாவது அனுப்ப ஆசை. "இப்போது சீசன் இல்லை, பாதி வாடகைதான், முழுப்பணமும் இன்றே போட்டுவிடுங்கள்" என்று தங்கும் இடத்திலிருந்து சொல்கிறார்கள். எங்கெங்கே கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: முழுப்பணத்தை அனுப்பாதீர்கள். மார்கழியிலிருந்து மாசி வரைதான் இங்கே பயணிகள் கூட்டம். ஆனியில் அறைகள் காலியாகக் கிடக்கும். அவசரப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. இந்த மாதத்தில் வருவதால் உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம் நேரம்தான். தள்ளுபடி என்ற பேச்சில் அதை விட்டுக்கொடுத்துவிட வேண்டாம்.

இணைய வரைபடத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை வெளியாட்களும் மாற்றச் சொல்லிப் பரிந்துரைக்க முடியும். அதனால் அந்த எண்ணை மட்டும் நம்பாமல், விடுதியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜிஎஸ்டி எண் கேளுங்கள். பதிவு பெற்ற இடமானால் 15 இலக்க எண் இருக்கும்; தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரும். பணம் கேட்கும் வங்கிக் கணக்கின் பெயரும் அதுவும் பொருந்தாவிட்டால் காரணம் கேளுங்கள். ஒருநாள் வாடகையை முன்பணமாகக் கொடுத்தால் போதும். "பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் (PIN) போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடிதான். பணம் பெறுவதற்கு இந்த ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை.

கூட்டமில்லாத மாதத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. சமையல்காரர் விடுப்பில் போயிருப்பார், ஒரு பக்கத்து அறைகளில் மராமத்து நடக்கும், குளிர்சாதனம் பழுதாகிக் கிடக்கும். இதையெல்லாம் கேட்காதவரைக்கும் சொல்ல மாட்டார்கள். "சாப்பாடு உங்கள் அடுப்படியில் சமைப்பதா, வெளியே வாங்கித் தருவதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். வீடியோ அழைப்பில் உங்கள் அறையையும் குளியலறையையும் காட்டச் சொல்லுங்கள். பழைய படங்களை அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளும் இடத்தைத் தவிர்த்துவிடலாம்.

வாடகைக் காருக்கு மஞ்சள் நம்பர் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது விதிமீறல். விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைப்பதும் சிக்கலாகும். எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், அதற்கு மேல் போனால் என்ன கணக்கு, ஓட்டுநர் பேட்டா, சுங்கம் ஆகிய ஐந்தையும் புறப்படும் முன்பே வாட்ஸாப்பில் எழுதி வாங்குங்கள். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் தானாகவே ஒரு கடையில் கொண்டுபோய் நிறுத்தினால், பெரும்பாலும் அவருக்கான கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். பொருள் வாங்கப் போகும் நாளில் கடையை நீங்களே தேர்ந்தெடுத்து, ஓட்டுநரை வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

பழைய வீடுகளைப் பொறுத்தவரை ஒன்றை மனதில் வையுங்கள்: அவை குடும்பச் சொத்து, அருங்காட்சியகம் அல்ல. பல வீடுகள் பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால்தான் திறப்பார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடுகள் ஆத்தங்குடியிலும் கானாடுகாத்தானிலும் உண்டு. அங்கே பலகையும் சீட்டும் இருக்கும். தெருவில் ஒருவர் வந்து "பூட்டிய வீட்டைத் திறந்து காட்டுகிறேன்" என்றால், அந்தப் பணம் வீட்டுக்காரருக்குப் போகிறதா என்று தெரியாது. அனுமதியில்லாமல் நுழைந்த பழி மட்டும் உங்களுக்கு.

ஆத்தங்குடிப் பூக்கல் விஷயத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பட்டறையில் நின்று செய்முறையைப் பாருங்கள். கண்ணாடித் தட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சின் கட்டங்களுக்குள் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த சிமெண்ட்-மணல் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் பண்ணுவார்கள். இறுகிய பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறும், அப்புறம் காயும். சூளை கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது.

போலியை அடையாளம் காண இந்தச் செய்முறையே போதும். உடைந்த கல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பக்கவாட்டில் பாருங்கள். அசலில் மேலே சில மில்லிமீட்டர் தடிமனுக்கு நிறம் இறங்கியிருக்கும். கீழே சாம்பல் நிறச் சிமெண்ட் சொரசொரப்பாக இருக்கும். அதே பூவை அச்சடித்து வரும் செராமிக் ஓட்டில் நிறம் மேல்தோலில் மட்டும்தான். பத்துக் கல்லை வரிசையாக வைத்தால் கையால் ஊற்றிய கோடுகளில் மெல்லிய வேறுபாடு தெரியும். பத்தும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அசல் கல்லிலும் அவசரக் கல் உண்டு. போதிய நாள் ஊறாத கல்லின் ஓரத்தை நாணயத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். பதித்த பிறகு அதன் மேல் உப்புப் பூப்பதையும் பார்க்கலாம். "நாளைக்கே 300 கல் தருகிறேன்" என்றால், கையிருப்பா, புதிதாக ஊற்றுவதா என்று கேளுங்கள். புதிதாக ஊற்றுவதென்றால் நாளைக்குத் தரக்கூடாது.

விலையில் ஏமாறுவது அளவில்தான். 200 சதுர அடிக்கு 10 அங்குலக் கல் 288 வேண்டும், 8 அங்குலக் கல் 450, 12 அங்குலக் கல் 200. கணக்குக்காக ஒரு விலை வைத்துப் பாருங்கள்: 10 அங்குலம் 50 ரூபாய் என்றால் 14,400. "சின்னக் கல் 40தான், மலிவு" என்று 8 அங்குலத்தை எடுத்தால் 18,000. எனவே கல் விலையைக் கேட்காமல் சதுர அடி விலையைக் கேளுங்கள். பாக்கிங், ஏற்றுக்கூலி, லாரி வாடகை இதில் சேர்ந்ததா என்பதையும் கேளுங்கள். உடைவுக்கும் வெட்டுக்கும் நூற்றுக்குப் பத்து கூடுதலாக, அதாவது 10 அங்குலத்தில் 317 கல் ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கினால் நிறம் ஒத்துவராது. பூவின் பெயர், அளவு, எண்ணிக்கை, "வழியில் உடைந்தால் பொறுப்பு யாருடையது" எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். லாரியில் கல்லைப் படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ளவை விரிசல் விடும். நிறுத்தி, பூ முகத்தோடு பூ முகம் சேர, நடுவே காகிதமோ வைக்கோலோ வைத்து அடுக்கச் சொல்லுங்கள்.

சேலையும் வாங்குவதானால், இந்த ஊர்க் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு எந்தக் கட்டம்போட்ட சேலையையும் அந்தப் பெயரில் விற்பது கூடிவிட்டது. மரபான கண்டாங்கி பருத்தி. ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாடையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். கைத்தறி முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழம்பொருளில்தான் பணத்தோடு சட்டச் சிக்கலும் சேர்ந்து வரும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு தாண்டிய சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள்கள் தொல்பொருள்களாகக் கருதப்படும். சுவடிகளுக்கு 75 ஆண்டு. இவற்றை விற்க உரிமம் வேண்டும்; தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. "நூற்றைம்பது வருஷத்துச் சாமான், மகளுக்குக் கூரியரில் போட்டுவிடலாம்" என்று கடைக்காரர் சொன்னால், அந்த ஒரே வாக்கியத்தில் அவர் பொய் சொல்கிறார், அல்லது உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடுகிறார். சாமி சிலை, கல் சிற்பம், செப்பேடு, ஓலைச்சுவடி ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். கோயிலில் திருடுபோனதாக இருந்தால் வாங்கியவரும் விசாரணைக்குப் போக வேண்டியிருக்கும். புதிதாகச் செய்த பித்தளைச் சாமானையோ, பனையோலைக் கொட்டானையோ (கூடை) மகளுக்கு அனுப்புங்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் புவிசார் குறியீடு உண்டு. எடை குறைவு என்பதால் கூரியர் செலவும் குறையும்.

உங்கள் வீட்டுக்கே வாங்குவதானால், முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் காந்தம் ஒன்றைப் பையில் கொண்டுபோங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் இரும்பின்மேல் பூசிய பூச்சு. எனாமல் பாத்திரம் உள்ளே இரும்பு என்பதால் ஒட்டத்தான் வேண்டும். மரத்தூணில் தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நிஜமான பழசு கைபடும் உயரத்தில் தேய்ந்திருக்கும், அடியிலும் பின்பக்கமும் தேயாமல் அழுக்கேறியிருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை. "பர்மா தேக்கு" என்று வாயால் சொல்பவர் பில்லில் அப்படியே எழுதித் தருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

ராமேஸ்வரம் இங்கிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். தீர்த்தமாடக் கோயில் கவுண்டரிலேயே சீட்டு வாங்குங்கள். வெளியே வந்து "வரிசை இல்லாமல் அழைத்துப் போகிறேன்" என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள அரிச்சல்முனை வரைக்கும் 2017-இல் தார்ச்சாலை திறந்தாகிவிட்டது. "உங்கள் கார் போகாது, எங்கள் வேனில் ஏறுங்கள்" என்பது பழைய கதை. இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது மட்டும் விதி.

கடற்கரைக் கடைகளில் வலம்புரிச் சங்குக்குப் பெரிய விலை சொல்வார்கள். சங்கின் வால்போல் நீண்ட முனையை மேலே வைத்து, வாயை உங்கள் பக்கம் திருப்புங்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் வலம்புரி. ஆனால் அதோடு முடிந்துவிடாது. அமெரிக்கக் கடலோரத்தில் கிடைக்கும் வேறொரு சங்கினம் இயல்பாகவே அப்படித்தான் சுழலும். அது அரிதான பொருளே அல்ல. வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். நம் கடல் சங்கில் மூன்று நான்கு மடிப்பு வரிகள் தட்டுப்படும், அந்த அயல் சங்கில் வழவழப்பாக இருக்கும். பவளக்கல், காய்ந்த கடல்குதிரை இரண்டும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. அழகுக்கு என்று வாங்கிப் பையில் வைத்தாலும் குற்றம்தான்.

எதிலாவது பணம் போய்விட்டால் அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே இணைய மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்க அதுதான் வழி. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்; வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். கடையில் வாங்கிய பொருள் பற்றிய புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. பில் இருந்தால்தான் அந்தப் புகாருக்கு வலு இருக்கும். அதனால் ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று சொல்லித் துண்டுச்சீட்டு நீட்டினால், கல்லை லாரியில் ஏற்றச் சொல்லாதீர்கள்.