அம்மாவிடம் எரிந்து விழுகிறேன்: எல்லையிலிருந்து ஒரு கடிதம்

பதில் எழுதும் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு ஊர் நீடாமங்கலம் பக்கம். பீரங்கிப் பிரிவில், எல்லையில் இருக்கிறேன். இடம் சொல்லக் கூடாது. 2025 ஏப்ரலில் லீவில் வந்தவனை, பஹல்காம் தாக்குதல் நடந்த கையோடு பாதியிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். மனைவியின் வளைகாப்பை ஃபோட்டோவில்தான் பார்த்தேன்.

மே 10ஆம் தேதி சண்டை நின்றது. எங்களுக்கு ஸ்டாண்ட்-டு நிற்கவில்லை. விடிவதற்கு முன்னாலும் பொழுது சாயும்போதும் துப்பாக்கியோடு அவரவர் இடத்தில் நின்றாக வேண்டும். மிச்ச நேரத்தில் பீரங்கியைத் துடைப்போம், மண்மூட்டை அடுக்குவோம், டேங்கர் வந்தால் தண்ணீர் பிடிப்போம், துணி துவைப்போம். லங்கரில், அதாவது எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில், ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு. டிவி பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள், இங்கே பெரும்பாலும் போரடிக்கிறது.

கூட இருந்த விருதுநகர்க்காரர், மே மாத ஷெல்லடியில் கையில் சில்லு பாய்ந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் போன பிறகு தமிழ் பேச ஆளில்லை. ராத்திரி சென்ட்ரி காவலில் எனக்கு நானே பேசிக்கொள்கிறேன். எங்கள் வாய்க்கால், மதகு, களம், யார் வயலுக்கு அடுத்து யார் வயல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தால் நேரம் போய்விடும்.

ஃபோன்தான் பிரச்சினை. அப்பா ரெண்டு வார்த்தையோடு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அம்மா எடுத்ததுமே அழும். "எப்ப தம்பி வருவ?" கேட்டதையே திரும்பக் கேட்கும். "நல்லா இருக்கேன்" என்று நாலு முறை சொல்லிப் பார்த்து, கடைசியில் எரிந்து விழுகிறேன். வைத்த பிறகு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. இப்போது ஃபோன் கையில் கிடைத்தாலும் கூப்பிடுவதில்லை.

தூக்கமும் போய்விட்டது. ஜெனரேட்டர் போட்டாலே திடுக்கிட்டு எழுகிறேன். நண்பன் பங்கு ரம்மையும் சேர்த்துக் குடித்தால்தான் கண் மூடுகிறது. ஊர் பஸ் ஸ்டாப்பில் என் படத்தைப் போட்டு, மண்ணின் சிங்கம் என்று ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அந்தச் சிங்கத்துக்கு வீட்டுக்குப் போக வேண்டும் போலிருக்கிறது என்று யாரிடம் சொல்ல? நான் கோழையா?

— பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

கோழை இல்லை. அந்தக் கேள்வியை இத்தோடு விடுங்கள். ஃபிளெக்ஸை ஆடிக்காற்று பார்த்துக்கொள்ளும்.

காவிரிப்பூம்பட்டினத்து நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், பாசறையில் ஓர் அரசன் தூங்காமல் கிடப்பான். மனைவியை நினைத்துத்தான் என்று நாம் எதிர்பார்ப்போம். அவன் நினைப்பதோ புண்பட்ட யானைகளை, அம்பு தைத்துத் தீனி தின்னாத குதிரைகளை, தனக்காக உயிர்விட்ட வீரர்களை. நீங்களும் வீட்டு ஏக்கம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதற்குள் விருதுநகர்க்காரரும் தெரிகிறார். அவரிடம் பேசினீர்களா? கடிதத்தில் அது இல்லை. முதல் ஃபோன் அவருக்குப் போகட்டும். நீங்கள் பார்த்ததைக் கூடவே நின்று பார்த்தவர், தமிழும் பேசுவார்.

இனி அம்மா. அவர் கேட்கும் தேதி உங்களிடம் இல்லை, அதனால் கோபம் வருகிறது. நீங்களும் "நல்லா இருக்கேன்" தவிர எதுவும் சொல்வதில்லை, அவர் வேறு எதைத்தான் கேட்பார்? ஒரு தடவை நேராகச் சொல்லிவிடுங்கள்: "தேதி எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்ச அன்னைக்கு முதல்ல ஒங்கிட்டதான் சொல்வேன். ஃபோன் வரலேன்னா ஃபோன் என் கையில இல்லேன்னு அர்த்தம், வேற ஒண்ணுமில்ல."

பிறகு நீங்கள் கேட்க ஆரம்பியுங்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள், 15ஆம் தேதி கல்லணை. உங்கள் மதகுக்குத் தண்ணீர் வந்ததா? குறுவைக்கு நாற்று விட்டாயிற்றா, ஆடுதுறை 36தானா, வேறு ரகமா? பம்புசெட்டை நம்பி முன்கூட்டியே நட்டவர்கள் யார் யார்? அப்பாவை ஃபோனோடு வரப்புக்குப் போகச் சொல்லுங்கள். டெல்டா அப்பாக்களுக்கு மகனிடம் பேச வராது. தண்ணீரைப் பற்றிப் பேச வரும். நடுவில் அம்மா அழுதால் அழட்டும், அதை நிறுத்துவது உங்கள் டியூட்டி இல்லை. ராத்திரியில் நியூஸ் சேனலை அணைத்துவைக்க மட்டும் வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள்.

மனைவியிடம் உள்ளதைச் சொல்லலாம். இடத்தையும் வேலையையும் பற்றி மூச்சு விடக் கூடாது, சரி. தூக்கம் வரவில்லை என்பதில் என்ன ராணுவ ரகசியம் இருக்கிறது?

தூக்க விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். ஷெல் சத்தம் கேட்ட உடம்பு சின்னச் சத்தத்துக்கும் துள்ளும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். ரம் தணியவிடாது. சீக்கிரம் கண்ணை மூடவைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும். நண்பன் பங்கை அவருக்கே விட்டுவிடுங்கள். சென்ட்ரியில் சொல்கிற அந்த வாய்க்கால் வரிசையைப் படுக்கையில் சொல்லிப் பாருங்கள், நான் கற்றுத்தர நினைத்ததும் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் மே மாதத்திலிருந்தே இப்படி என்றால் ஒரு மாதம் தாண்டிவிட்டது. யூனிட் டாக்டரிடம் காட்ட வேண்டிய கட்டம் இது. மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) இறங்கும், பிரமோஷன் போகும் என்று தயங்குவீர்கள். அந்தப் பயத்தை வெறும் பிரமை என்று நான் தள்ள மாட்டேன். டாக்டரிடம் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். 2023 டிசம்பரில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படைவீரர்களுக்கென்றே அதன் தனிப்பிரிவும் தொடங்கியிருக்கிறது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். துப்பாக்கியோடு தனியாக நிற்கையில், செத்துப்போகலாம் என்ற நினைப்பு எப்போதாவது வருகிறதா? வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நிமிஷமே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். இந்தியில் சொன்னாலும் புரியும்.

பிரசவ தேதியை நீங்கள் எழுதவில்லை. அதை இப்போதே ஒரு தாளில் எழுதி சுபேதார் சாபிடம் கொடுத்துவையுங்கள். லீவு லிஸ்ட் போடும்போது அது அவர் கையில் இருக்க வேண்டும்.